கைப்பட்டை கழன்றால், அழிந்தால், ஸ்கேன் ஆகாவிட்டால்: கடற்கரையில் நிகழ்ச்சி நடத்துவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

தொண்டியில் பாய்மரப் படகுப் போட்டி, அரியமானில் கடற்கரை வாலிபால், ராமேசுவரத்தில் மூன்று நாள் மாநாடு, தனுஷ்கோடியில் கடல் நீச்சல் என்று எதை நடத்தினாலும் உள்ளே விடும் ஆளை அடையாளம் காண இப்போது கைப்பட்டைதான் கட்டுகிறார்கள். மதுரையில் ஏசி மண்டபத்தில் மூன்று நாள் தாங்கிய அதே பட்டை இங்கே மதியச் சாப்பாட்டுக்குள் கழன்று விழும். உப்புத்தண்ணீர், வியர்வை, எண்ணெய், மணல், காற்று என ஐந்தும் சேர்ந்து அடிக்கும் கரை இது.

பட்டை வாங்கப் போகும் கமிட்டி முதலில் விலையைக் கேட்கும், அடுத்து கலரைக் கேட்கும். பூட்டு எப்படி என்று கேட்பவர் குறைவு. கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தப் பூட்டில்தான் போய் நிற்கும். அதனால் எத்தனை ராத்திரி கையில் இருக்கப்போகிறது, எத்தனை முறை நனையப்போகிறது என்ற இரண்டையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கேற்ற பூட்டு, பிறகு பட்டையின் பொருள், கடைசியாக அச்சு. இந்த வரிசையில் முடிவெடுத்தால் பாதிச் சிக்கல் வாசலுக்கே வராது.

கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் பூட்டைப் பாருங்கள். பசையால் ஒட்டினால் டைவெக். 19 அல்லது 25 மி.மீ. அகலம், 250 மி.மீ. நீளம், ஒரு நாள் வேலைக்கு உரியது. ஒருமுறை அழுத்தினால் திறக்காத டிச் பட்டன் இருந்தால் வினைல். மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். 15 மி.மீ. துணி நாடாவில் பிளாஸ்டிக் உருளையோ அலுமினியக் கிளிப்போ இருந்தால் துணிப்பட்டை, வாரம் தாங்கும். ரப்பர் வளையம்போல் கழற்றி மாட்ட வருவது சிலிக்கோன். அது ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள நல்லது, ஆளை அனுமதிக்க உதவாது. சிப் வைத்த பட்டை இந்த நான்கு உருவத்திலும் வரும்.

கட்டிய ஒரு மணி நேரத்தில் பசை விட்டுவிடுகிறது

இது டைவெக்குக்கே உரிய கோளாறு. டைவெக் பார்க்கக் காகிதம்போல் இருக்கும். உண்மையில் பாலிஎத்திலீன் இழைகளை அழுத்திச் செய்த பிளாஸ்டிக் தாள். தண்ணீரில் ஊறாது, வெறுங்கையால் இழுத்தால் லேசில் கிழியாது. தோற்பது பசை மட்டும்தான். அந்தப் பசை தோலில் ஒட்டுவதில்லை, பட்டையின் மறுமுனையில்தான் ஒட்டுகிறது. ஆகவே உலர்ந்திருக்க வேண்டியது அந்த முனை. கட்டுபவரின் ஈர விரல் பசையில் பட்டாலும், வந்தவர் கையில் பூசிய தேங்காய் எண்ணெயோ சன்ஸ்க்ரீனோ முனையில் ஒட்டினாலும் அதோடு முடிந்தது. மேசையில் இரண்டு உலர்ந்த துண்டு வையுங்கள். ஒன்று வருபவர் மணிக்கட்டைத் துடைக்க, இன்னொன்று கட்டுபவர் விரலைத் துடைக்க. இரண்டும் மாறக் கூடாது.

அடுத்த காரணம் மணல். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் திறந்த கரையில் நாடாவை உரித்ததும் பசையில் மணல் தூவினாற்போல் படியும். கட்டும் மேசையைக் காற்று வரும் திசைக்கு முதுகு காட்டிப் போடுங்கள். மூன்று பக்கம் தரை வரை தார்ப்பாய் கட்டுங்கள். வரிசை சீக்கிரம் நகரட்டும் என்று பத்திருபது பட்டையை முன்கூட்டியே உரித்து மேசை விளிம்பில் தொங்கவிடும் பழக்கம் உண்டு. மண்டபத்துக்குள் சரி, கரையில் கூடவே கூடாது.

மூன்றாவது, அழுத்தம் போதாமை. இந்தப் பசை அழுத்தினால்தான் பிடிக்கும். மணிக்கட்டுச் சதையோடு சேர்த்து மேலே மட்டும் அமுக்கினால் சதை உள்ளே போகுமே தவிர பசை பிடிக்காது. பட்டைக்கு அடியில் ஒரு விரலை விட்டு, மேலே கட்டைவிரலை வைத்து, இரண்டுக்கும் நடுவே ஐந்து விநாடி நசுக்க வேண்டும். அந்த ஒரு விரல் இடைவெளியே இறுக்கத்துக்கும் அளவு.

நான்காவது, பழைய சரக்கு. போன வருட மிச்சத்தைக் குடோனிலிருந்து எடுத்து வந்தால் முதலில் சோதியுங்கள். கட்டுக்கு இரண்டு பட்டை எடுத்து ஒட்டி, பத்து நிமிடம் கழித்து உரித்துப் பாருங்கள். ஒட்டும் முனையில் வெட்டி வைத்திருக்கும் சிறு கீறல்கள் பிய்ந்து வந்தால் பசை உயிரோடு இருக்கிறது. ஸ்டிக்கர்போல் முழுசாக உரிந்து வந்தால் அந்தக் கட்டை வாசலுக்குக் கொண்டுபோகாதீர்கள். புதிய சரக்கையும் வெயிலில் நிற்கும் வேனுக்குள் வைக்க வேண்டாம். சூட்டில் பசை இளகி நாடாவின் ஓரத்தில் கசியும், பிறகு உரிக்கவே வராது.

பட்டை முழுசாக இருக்கிறது, கட்டிய ஆள்தான் வேறு

ஒருவர் உள்ளே வந்து பட்டையைக் கழற்றி வெளியே இருப்பவருக்குக் கொடுத்து அனுப்பியிருப்பார். வகைக்கு ஒரு வழி.

டைவெக் என்றால் பசை பிடிப்பதற்குள் மெதுவாக உரித்திருப்பார்கள். வாசலில் நிற்பவர் பட்டையின் கலரை மட்டும் பார்த்தால் பிடிபடாது. "தம்பி, கையைத் திருப்புங்க" என்று சொல்லி ஒட்டிய முனையைப் பார்க்க வேண்டும். கீறல் பிய்ந்திருக்கிறதா, செலோ டேப் இருக்கிறதா, ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறதா? எது இருந்தாலும் பட்டை செல்லாது என்பதை முன்பதிவுச் சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள். வாசலில் வாக்குவாதம் வராது.

வினைல் என்றால் பட்டன் திறந்திருக்க வாய்ப்புக் குறைவு. தளர்வாகக் கட்டியதுதான் காரணம். மலிவான மெல்லிய வினைல் வெயிலில் இளகி நீளும். சோப்பு நுரையோடு விரல்களைக் குவித்தால் உருவி வந்துவிடும். கட்டியதும் பட்டையைக் கட்டைவிரல் அடி மூட்டு வரை தள்ளிப் பாருங்கள். அந்த மூட்டைத் தாண்டினால் ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் பூட்ட வேண்டியது. ஆர்டர் கொடுக்கும்போது நீளாத பல அடுக்குப் பிளாஸ்டிக் வேண்டும் என்று கேளுங்கள். மாதிரி ஒன்றை வாங்கி, ஐந்து நிமிடம் வெயிலில் போட்டு இழுத்துப் பாருங்கள்.

துணிப்பட்டையில் நடப்பது இன்னும் நுணுக்கம். பிளாஸ்டிக் உருளை இரண்டு மாதிரி வரும். ஒன்று முன்னும் பின்னும் நகரும், மறுபடி பயன்படுத்துவதற்கானது. மற்றொன்றின் உள்ளே பல் இருக்கும், இறுக்கும் பக்கம் மட்டும் போகும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றே. கடைக்காரரிடம் "ஒருவழிப் பூட்டு" என்று சொல்லாமல் வாங்கினால் முதல் வகை வந்து சேரும். பல் உள்ள உருளையைத் திருப்பிக் கோத்தாலும் அதே கதிதான். கோக்க உட்காரும் பிள்ளைகளுக்கு முதல் பட்டையைக் கோத்துக் காட்டி, மறுபக்கம் இழுத்துச் சோதித்த பிறகே மீதியைக் கொடுங்கள். நனைந்த சாட்டின் துணி வழுக்கும். பல் இருந்தும் மெல்ல நழுவும். மூன்று நாளுக்கு மேல் போகும், தினமும் கடலில் இறங்கும் கூட்டம் என்றால் அலுமினியக் கிளிப்பைக் கட்டிங் பிளேயரால் நசுக்கிவிடுவதே உத்தமம். கட்ட நேரம் பிடிக்கும். ஆனால் வெட்டாமல் கழற்ற முடியாது. மிச்ச வாலை இரண்டு செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் நூல் பிரிந்து பூட்டுக்குள்ளேயே போய்விடும்.

காலையில் கட்டியது மாலையில் கந்தலாக வருகிறது

ராமேசுவரத்தில் தங்கி நடக்கும் நிகழ்ச்சிகளில் தவறாமல் வரும் புகார் இது. வெளியூர்க்காரர் காலையில் பதிவு செய்து பட்டையைக் கட்டிக்கொள்வார். அடுத்து அக்னி தீர்த்தத்தில் முங்குவார். கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்வார். துவட்டும்போது துண்டு பட்டையில் மாட்டி இழுக்கும். மதியம் வரும்போது டைவெக் பட்டை கயிறாய்த் திரிந்திருக்கும், பசை முனை பாதி தூக்கியிருக்கும். பட்டையின் குற்றம் இதில் ஒன்றுமில்லை. இந்த ஊரில் ஒரு நாள் நிகழ்ச்சிக்கே வினைல் கட்ட வேண்டும். இல்லையென்றால் தீர்த்தமாடி வந்த பிறகு பதிவு மேசையைத் திறங்கள். ஏற்கெனவே டைவெக் வாங்கிவிட்டீர்களா? காலையில் ரசீது மட்டும் கொடுத்து மாலை வாசலில் பட்டை கட்டுங்கள்.

கடல் நீச்சலுக்கு வினைலிலும் குட்டையான வால் வேண்டும். தொங்கும் வால் ஒவ்வொரு கை வீச்சிலும் மணிக்கட்டில் அடித்து, அரைமணி நேரத்தில் தோலைச் சிராய்த்துவிடும்.

எழுத்து அழிகிறது, அல்லது பட்டையே கறுத்துவிட்டது

பேனாவால் எழுதியது என்றால் ஜெல் பேனா, மை பேனா இரண்டும் டைவெக்கில் நிற்காது. பால்பாயிண்ட் பேனா பரவாயில்லை. பெர்மனென்ட் மார்க்கர் தண்ணீருக்கு அசையாது. சானிடைசருக்கும் சன்ஸ்க்ரீனுக்கும் கரையும். அவசரத் தொடர்பு எண், ரத்த வகை போன்றவற்றைப் பட்டையின் உட்பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

பிரிண்டரில் அடித்தது என்றால் எந்த முறை என்று பாருங்கள். ரிப்பன் இல்லாமல் சூட்டிலேயே எழுத்து வரும் நேரடித் தெர்மல் முறைதான் பெரும்பாலும். பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு எல்லாம் அதே வகை. எண்ணெய் பட்டால் எழுத்து வெளிறும், சூடு பட்டால் பட்டை முழுக்கக் கறுக்கும். காரின் டேஷ்போர்டில் வைத்த கட்டு மதியத்துக்குள் வீணாகப் போவது இதனால்தான். ரிப்பன் போட்டு அடிக்கும் தெர்மல் டிரான்ஸ்ஃபர் முறைக்கு மாறுங்கள். ரிப்பனிலும் மெழுகு வகை உரசலில் போய்விடும். ரெசின் வகை எண்ணெயைத் தாங்கும். பட்டை விற்பவர் சொல்லும் ரிப்பனைத்தான் வாங்க வேண்டும், பிரிண்டர் விற்பவர் கொடுப்பதை அல்ல.

ஆபீஸ் லேசர் பிரிண்டரில் டைவெக் தாளை விட்டு, உள்ளே சுருங்கி மாட்டிக்கொண்டதா? டைவெக் ஏறக்குறைய 135 டிகிரியில் உருகும். லேசர் பிரிண்டரின் சூட்டு உருளை அதைவிடச் சூடாக இருக்கும். உடனே சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, பிறகு இழுங்கள். சூட்டோடு இழுத்தால் உருளையில் பிளாஸ்டிக் படிந்து பிரிண்டரே போகும். லேசரில் அடிக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே வரும் பாலியஸ்டர் பட்டைத் தாள்களை வாங்குங்கள்.

கியூஆர் கோடு ஸ்கேன் ஆகவில்லை

முதலில் போனின் லென்ஸைத் துடையுங்கள். கரையில் இரண்டு மணி நேரம் நின்றால் உப்புக்காற்று லென்ஸில் மங்கலாகப் படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஸ்கேன் செய்யும் இடத்துக்குப் பந்தல் நிழல் கட்டாயம். நேர் வெயிலில் பளபளக்கும் வினைல் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அடிக்கும், போன் திரையும் தெரியாது.

இதற்குப் பிறகும் படிக்காவிட்டால் கோடைத் தயாரித்த விதத்தில்தான் தப்பு. 19 மி.மீ. பட்டையில் இரு ஓரமும் இரண்டு மி.மீ. விட்டால் கையில் இருப்பது 15 மி.மீ. கோடில் உள்ள சிறு சதுரத்தைக் கட்டம் என்போம்; கோடுக்கு வெளியே நான்கு கட்டம் அகலத்துக்கு வெள்ளை ஓரமும் வேண்டும். பக்கத்துக்கு 21 கட்டம் உள்ள மிகச் சிறிய கியூஆர் கோடு என்றால் ஒரு கட்டம் அரை மி.மீ. வரும், 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் அது நான்கு புள்ளி. தெளிவாக விழும், ஈரக் கையிலும் படிக்கும். அதே இடத்தில் ஐம்பது எழுத்து நீள இணைய முகவரியைத் திணித்தால் கட்டங்கள் 33 ஆகும், ஒவ்வொன்றும் பொடியாகிவிடும். கோடுக்குள் முகவரி போடாதீர்கள், எட்டு இலக்க எண் போதும். அவ்வளவு சிறிய எண் என்பதால், 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்கும் உச்ச அளவுப் பிழைதிருத்தத்தை வைத்துக்கொண்டாலும் 21 கட்டத்துக்குள் அடங்கும்.

அந்த எட்டு இலக்கமும் 1, 2, 3 என்று வரிசையாகப் போகக் கூடாது. போனால் எந்த ஜெராக்ஸ் கடையிலும் அடுத்த எண்ணை அடித்துக்கொண்டு வரலாம். கண்ணுக்குத் தெரியும் வரிசை எண் தனியாக, கோடுக்குள் ஒழுங்கில்லாத எண் தனியாக வையுங்கள்.

பட்டையின் நீளவாக்கில் கோடுகோடாக வரும் பழைய பார்கோடு மணிக்கட்டின் வளைவில் சுற்றிக்கொள்ளும்; ஒரு முனை தெரிந்தால் மறுமுனை தெரியாது. குறுக்காகத் திருப்பினால் அகலம் போதாது. கைப்பட்டைக்கு அதை விட்டுவிடுவதே மேல்.

சிப் பட்டையை ரீடர் படிக்கவில்லை

எந்தப் பட்டையையும் படிக்கவில்லையா, சில பட்டையை மட்டுமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

எதையுமே படிக்காவிட்டால் ரீடருக்குக் கீழே பாருங்கள். எஸ்எஸ் மேசையிலோ இரும்புத் தடுப்பிலோ நேராக வைத்திருந்தால் உலோகம் ரீடரின் காந்தப் புலத்தை விழுங்கிவிடும். நான்கைந்து செ.மீ. உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை அடியில் வைத்தால் உயிர் பெறும். போனையே ரீடராக வைத்தால் உலோக உறையைக் கழற்றுங்கள். அப்போதும் ஊமையாக இருந்தால் சிப் எது என்று பாருங்கள். மைஃபேர் கிளாசிக் சிப்பைச் சில போன்கள் படிக்கவே படிக்காது. போனில் படிக்கும் திட்டம் என்றால் என்டேக் 213 வகை வாங்குவதே பத்திரம். இரண்டும் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஓடுபவைதான், ஆனால் பேசும் முறை வேறு.

சில மட்டும் படிக்காவிட்டால் அந்தக் கைகளைப் பாருங்கள். பக்கத்தில் உலோக வாட்ச் இருக்கும், அல்லது ஒரே கையில் இரண்டு சிப் பட்டை ஒட்டி இருக்கும், அல்லது சிப் உள்ளங்கைப் பக்கம் திரும்பியிருக்கும். பட்டையைச் சுழற்றி, ரீடருக்கு இரண்டு செ.மீ. அருகில், ஒரு விநாடி அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். வீசிக்கொண்டே போனால் படிக்காது. அட்டைபோல் மடித்து ஜோபியில் வைத்திருந்தவர் பட்டையில் உள்ளே ஓடும் மெல்லிய ஆன்டெனா முறிந்திருக்கும். அதற்கு மருந்து கிடையாது, மாற்றிக் கொடுங்கள்.

தூரத்திலிருந்தே படிக்கும் யூஎச்எஃப் பட்டையை ஓட்டப் பந்தயத்துக்கு வாங்கியவர்கள் கடல் நிகழ்ச்சிக்கும் அதையே கொண்டுவருவார்கள். மனித உடம்பும் உப்புத்தண்ணீரும் அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். நீரிலிருந்து ஏறி வருபவரை ஐந்து மீட்டரில் படிக்கும் என்று நம்பாதீர்கள். வெளிநாட்டு ரீடர் என்றால் அமைப்பில் இந்தியாவுக்கான 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்க அலைவரிசையில் விட்டிருந்தால் தூரமும் குறையும், சட்டப்படியும் தப்பு.

ஒரே கோடில் இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள்

சிக்னல் நின்று நின்று வரும் கரையில் இரண்டு வாசல் வைத்தால் இது நடக்கும். முதல் வாசலில் ஸ்கேன் ஆன செய்தி இரண்டாம் வாசலின் போனுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நெட்டை நம்பாமல் எண் வரிசையைப் பிரித்துவிடுங்கள். 1 முதல் 1000 வரை வடக்கு வாசல், 1001 முதல் தெற்கு வாசல். அந்தந்தப் போனில் அந்தந்தப் பட்டியலை முதல் நாளே இறக்கி வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு ஓடுகிறதா என்று சோதியுங்கள். வேறு வாசலுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்காகப் பட்டையின் கலரையே வாசலுக்கு ஒன்றாக வைத்துவிட்டால் ஆள் தானே சரியான வாசலுக்குப் போவார்.

இரவில் கலர் தெரியவில்லை

மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் ஒன்றாகத் தெரியும். நீலமும் கறுப்பும் ஒன்றாகும். ஆர்டர் கொடுக்கும் முன் மாதிரிப் பட்டைகளை ராத்திரியில் அந்த வாசல் விளக்கின் கீழேயே வைத்துப் பாருங்கள். கலரோடு ஒரு வடிவமும் சேருங்கள்: முதல் நாள் மீன், இரண்டாம் நாள் நங்கூரம், மூன்றாம் நாள் சங்கு. சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் தெரியாத தன்னார்வலர்கூட வாசலில் நிற்கலாம்.

வரிசை நகரவில்லை

பழகிய கைக்கு டைவெக் கட்டச் சுமார் பத்து விநாடி, டிச் பட்டனுக்கு அதைவிடக் குறைவு, அலுமினியக் கிளிப்புக்கு இரட்டிப்பு. பத்து விநாடி என்றால் ஒருவர் மணிக்கு 360 பேருக்குக் கட்டுவார். 2,000 பேர் ஒரு மணி நேரத்தில் வருவார்கள் என்றால் ஆறு பேர் வேண்டும். அது இடைவிடாமல் கட்டினால். எட்டுப் பேர் போடுங்கள். கட்டும் இடமும் சோதிக்கும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. பணம் வாங்குவது, பெயர் தேடுவது, கட்டுவது மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால் எத்தனை ஆள் போட்டாலும் தேங்கும்.

படகு திரும்பிய பிறகு ஆள் கணக்கு இடிக்கிறது

இதில்தான் அசட்டையாக இருக்கக் கூடாது. படகில் ஏற்றும்போது தலையை எண்ணி நோட்டில் எழுதுவார்கள். நடுவில் ஒருவர் இறங்கியிருப்பார், ஒருவர் வேறு படகுக்கு மாறியிருப்பார். திரும்பியதும் எண்ணிக்கை ஒத்துவந்தாலும் ஆள் ஒத்துவராது.

கிழித்தெடுக்கும் துண்டு உள்ள பட்டையை வாங்குங்கள். பட்டையின் ஓரத்தில் ஓட்டைக்கோடு போட்டு அதே எண்ணை மறுபடி அச்சடித்திருப்பார்கள். வினைலிலும் கிடைக்கும், டைவெக்கிலும் கிடைக்கும். முறை இது:

1. கரையில் படகுக்கு ஒன்றாக ஆணி அடித்த பலகை வையுங்கள். பலகையில் படகின் பதிவு எண்ணை எழுதுங்கள்.
2. ஆள் படகில் கால் வைக்கும் அந்த நேரத்தில்தான் துண்டைக் கிழித்து ஆணியில் குத்த வேண்டும். பதிவு மேசையில் கிழித்தால் பயன் இல்லை.
3. புறப்படும் முன் ஆணியில் உள்ள துண்டுகளை எண்ணி, லைஃப் ஜாக்கெட் எண்ணிக்கையோடு ஒத்துப் பாருங்கள்.
4. திரும்பி இறங்கும்போது கைப்பட்டை எண்ணைப் பார்த்து அதே துண்டை ஆணியிலிருந்து எடுத்துப் பெட்டியில் போடுங்கள்.
5. ஆணியில் துண்டு மிச்சம் இருக்கும்வரை அந்தப் படகு திரும்பவில்லை என்றே கணக்கு.

வடகடலில் (பாக் விரிகுடாவில்) அலை ஓய்ந்திருக்கும் நாளிலும் இதை விடாதீர்கள். துண்டு காற்றில் பறக்காமல் இருக்கப் பலகையைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, ஆணியின் முனையில் ஒரு தக்கையைச் செருகுங்கள்.

கையில் அரிப்பு, தடிப்பு

வினைலின் கூர் ஓரமும் உப்பும் மணலும் சேர்ந்து அறுக்கும். துணிப்பட்டை ஈர மணலைப் பிடித்துவைத்து ஊறல் கொடுக்கும். பட்டையை வெட்டி எடுத்து, கையை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, மறுகையில் புதுப் பட்டை கட்டுங்கள். கை வீங்கியிருந்தால் யோசிக்காமல் வெட்டிவிடுங்கள். முனை மழுங்கிய கத்தரி ஒவ்வொரு மேசையிலும் இருக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கையும் மணிக்கட்டும் ஏறக்குறைய ஒரே அகலம் என்பதால் பெரியவர் பட்டை நிற்காது. குட்டைப் பட்டை தனியாக வாங்குங்கள்.

மிச்சமும் கொடுத்ததும் கூட்டினால் வாங்கியது வரவில்லை

கட்டிக் கெட்டுப்போன பட்டைகளைக் குப்பையில் போட்டிருப்பார்கள். கெட்டதையும் எண் தெரிய ஒரு கம்பியில் கோத்து வைக்கச் சொல்லுங்கள். பத்து சதவீதம் கூடுதலாக வாங்கி, மேசைக்கு நூறு நூறாக எண்ணிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் எந்த மேசையில் ஓட்டை என்று அன்றைக்கே தெரியும்.

மறுநாள் காலை கரை முழுக்கப் பட்டை

வெளியே போனதும் பல்லால் கடித்து அறுத்துப் போடுவார்கள். டைவெக் காகிதம்போல் இருப்பதால் மக்கிவிடும் என்று நினைப்பவர் உண்டு. அது மக்காது, அதுவும் பிளாஸ்டிக்தான். தென்கடல் பக்கம் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகள், வடகடல் பக்கம் கடற்பசு மேயும் புல்வெளி. கடல் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஆமை வாயிலோ வலையிலோதான் போய்ச் சேரும். வெளியேறும் வழியைத் தடுப்புக் கட்டிக் குறுக்கி, இரண்டு பேரைக் கத்தரியோடு நிறுத்தி வெட்டி வாங்குங்கள். மூடி உள்ள டிரம் வையுங்கள். திறந்த கூடையில் போட்டால் காற்று மறுபடி அள்ளிக்கொண்டு போகும். சிலிக்கோன், சிப் பட்டைகளைத் தனி டிரம்மில் வாங்கி, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, எண்ணைச் சரிபார்த்த பிறகு கட்டி வையுங்கள்.